ஆறடி

"நாலரை அடிதாம்மா இருக்கு. அட்டையில 'ஆறடி'ன்னு எழுதிப் போட்டிருக்கீங்களே?"

அந்த பெஞ்சைக் காட்டி உத்திராபதி சிரித்துக்கொண்டே கேட்டார். முப்பத்து மூன்று வருடம் சர்வேயராகச் சங்கிலி பிடித்த மனிதர். அவர் கண்ணுக்கு டேப் தேவையில்லை.

பெஞ்சைச் செய்த சிற்பி மலர்கொடிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். "உக்காந்து பாருங்க சார். உக்காரத்தான் செஞ்சது" என்றாள்.

தஞ்சாவூரில் நடந்த அந்தச் சிற்பக் கண்காட்சியில் எல்லாமே பார்க்கவும் ஆகும், புழங்கவும் ஆகும். கலப்பைக் கொழுவில் விளக்கு, உடைந்த படகில் அலமாரி. அழைப்பிதழ் குடவாசலுக்குத் தபாலில் வந்திருந்தது, 'திரு. கா. உத்திராபதி, சர்வேயர்' என்று பேர் போட்டு. ரிட்டயராகி ஆறு வருடமாகியும் யாரோ நினைவு வைத்திருக்கிறார்களே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி சௌந்தரநாயகியையும் பஸ் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டார்.

முட்டிவலிக்கார அம்மாள், யாரும் சொல்வதற்கு முன்பே பெஞ்சில் உட்கார்ந்தாகிவிட்டது. "சொகமா இருக்குங்க. வாங்க, பக்கத்துல உக்காருங்க."

உட்காரக் குனிந்தபோதுதான் பெஞ்சின் இடது காலைப் பார்த்தார். கருங்கல். தலையில் அம்புக்குறி. ஒரு மூலை கடப்பாரை பட்டுச் சில்லு பெயர்ந்திருந்தது. அந்தக் கடப்பாரையைப் பிடித்தது அவர் கைதான்.

"இந்தக் கல்லு... எங்க கிடைச்சுதும்மா?"

"எங்க அப்பாவோட எல்லைக்கல்லு சார். மருதையன்னு பேரு. கவர்மெண்டு குடுத்த ஒரு ஏக்கர். நிலம் கைவிட்டுப் போயிடுச்சு. கல்ல மட்டும் பேத்து வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க."

எழுபத்து மூன்றாம் வருடம். உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த பண்ணை நிலத்தை நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அளக்கப் போன உத்திராபதியிடம் பண்ணையார், "கொஞ்சம் பாத்துப் போடுங்க தம்பி" என்றார். ஊன்றிய கல்லைப் பிடுங்கி உத்திராபதி கொஞ்சம் தள்ளி நட்டார். தண்ணீர் பாயும் மடை பண்ணையார் பக்கம் போய்விட்டது.

"அய்யா, மடை அந்தாண்ட போவுதுங்களே?" என்று மருதையன் கேட்டார்.

"படத்துல அப்படித்தான் இருக்கு."

மருதையன் பழைய குழியிலிருந்து புதுக் கல்வரை அடிமேல் அடி வைத்து நடந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த மாதம் பண்ணையிலிருந்து உத்திராபதிக்கு ஒரு கறவை மாடு வந்தது. சந்தையில் வாங்கியதாக வீட்டில் சொன்னார். அதன் பாலில்தான் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்கள்.

"என்னங்க, இப்படி வேர்க்குது?" என்றாள் சௌந்தரநாயகி.

"சார் என்ன வேலை பாத்தாங்கம்மா?" என்று மலர்கொடி அவளிடம் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரங்களா?" சௌந்தரநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரு வெத்தலை பாக்குக்குக்கூட கைநீட்டாத மனுசங்க. அவங்க வந்து..."

"வாத்தியார்!" என்று உத்திராபதி குறுக்கே விழுந்தார். "பள்ளிக்கூட வாத்தியாரும்மா."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் மார்தட்டிக்கொண்ட வேலையை ஒரு நொடியில் இல்லை என்று சொன்னதில் அவர் கூனிக் குறுகிப் போனார். வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் ஓர் அற்ப நிம்மதி. இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சௌந்தரநாயகிக்கும் தெரியாமலே போகட்டும்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, எழுந்திரு" என்று மனைவியின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"நீங்க கேட்டதுக்கு நான் பதிலே சொல்லலையே" என்றாள் மலர்கொடி. அவள் குரல் உயரவில்லை.

"பெஞ்சு நாலரை அடிதான், சர்வேயர் சார். ஆறடி, நீங்க கல்லைத் தள்ளி நட்டது."