பாலாநகரில் தனி ஜெபம்

சோபாவின் நிறத்தைக்கூட “கர்த்தர் காட்டினார்” என்று சபையில் சாட்சி சொல்கிறவர் ஜெயச்சந்திரன். ஞாயிறு மாலைகளில் மட்டும், “தனி ஜெபம்” என்று முனகிவிட்டு காரில் கிளம்பிவிடுவார்.

“ஜெபத்துக்கு எதுக்குங்க சென்ட்?” என்று கேட்டாள் மனைவி ஆக்னஸ்.

“சந்நிதிக்குச் சுத்தமாப் போகணும்.”

யார் அந்தச் சந்நிதி என்று பார்த்துவிட, இந்த வாரம் ஆட்டோவில் பின்தொடர்ந்தாள்.

பாலாநகரில் ஒரு வீட்டு வாசலில் இறங்கியவர், காலிங்பெல் வரை கையைக் கொண்டுபோய், அழுத்தாமல் இறக்கிக்கொண்டார். ஆக்னஸுக்கு வீடு அடையாளம் தெரிந்தது. மாமியாரின் அடக்கத்தன்று, ஊரார் முன்னால் இவரிடம் கன்னத்தில் அறை வாங்கிய இவருடைய தம்பியின் வீடு.

“கர்த்தர் சொன்னாரா?” என்றாள், பின்னால் வந்து நின்று.

அவர் திரும்பவில்லை.

“வாராவாரம் சொல்றார், ஆக்னஸ். வேற ஏதாவது சொல்லுங்கன்னு நானும் கேட்டுப் பாக்கறேன்.”