அம்மா அளந்த கதை

"பொய்! பச்சைப் பொய்!" என்று கத்த வேண்டும் போலிருந்தது மகளுக்கு. கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

காலேஜில் கொடுத்த புராஜெக்ட். வீட்டில் ஒருவரைப் பேட்டி எடுத்துப் படமாக்க வேண்டும். 'வீட்டு வேலை யார் தலையில்?' என்று தலைப்பு வைத்து, அம்மாவை ஹால் நாற்காலியில் பிடித்து உட்கார வைத்திருந்தாள். அம்மா வாயைத் திறந்தால் போதும், அப்பாவின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும் என்று நினைத்தாள்.

அம்மா வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் எழுந்ததும் நேரா சமையலறைக்குத்தான் போவார். ராத்திரி ஒரு பாத்திரம் கிடக்க விடமாட்டார். துணி காயப்போடுறதும் அவர்தான். நான் கை வச்சாலே அவருக்குக் கோபம் வந்துடும்."

சோபாவில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் தலை மெல்ல எழும்பியது.

அடுப்பு எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று தெரியாத மனுஷன். குடித்த டம்ளரைக் கீழே வைக்கக்கூட, "இந்தா" என்று ஆள் கூப்பிடுகிறவர்.

போன வாரம்தான் பெரிய சண்டை. கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த மருந்துக்கடையில் அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். காலை ஷிப்ட். இந்தத் திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம்.

"நீ போயிட்டா இங்க எல்லாம் யார் செய்வா? நானா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் அப்பா. அம்மா அழுததோடு சரி.

அந்த நியாயத்தைக் கேட்கத்தான் மகள் கேமராவையே தூக்கினாள். இங்கே இவள் என்னடாவென்றால்!

கேமராவை அணைத்த கையோடு அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"ஏம்மா இப்படி அளக்கிற? உனக்கே கூச்சமா இல்லை? உன்னை மாதிரி ஆளுங்களாலதான் இந்த ஆம்பளைங்கள்லாம் இந்த ஆட்டம் ஆடுறாங்க!"

"அதுக்கு? ஊர் பார்க்கிற படத்துல உங்கப்பாவை விட்டுக்கொடுக்கச் சொல்றியா?"

"நாளைக்குக் காலையில கொடுக்கணும்மா. என் படமே நாசம்!"

"நல்லாத்தானேடி வந்திருக்கு," என்று அம்மா பாத்திரம் தேய்க்கத் திரும்பிவிட்டாள்.

ஹாலில் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. படத்தைக் கேட்டு வாங்கி, சொந்தக்காரர்கள் குரூப், ஆபீஸ் குரூப், கூடப் படித்தவர்கள் குரூப் என்று ஒன்று விடாமல் தட்டிவிட்டார். பாராட்டு கொட்டியது. ஆபீஸ் மேனேஜரம்மா போனிலேயே வந்துவிட்டார்.

"சார், எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்!"

"ஐயோ மேடம், இதெல்லாம் ஒரு விஷயமா!" என்று நெளிந்தார் அப்பா.



அடுத்துப் போனில் வந்தது அத்தை, அப்பாவின் அக்கா. அத்தை பேசினால் ஸ்பீக்கரே வேண்டாம், சமையலறை வரைக்கும் கேட்கும்.

"டேய் தம்பி, உன் அத்தான் நம்பவே மாட்டேங்கிறார்டா. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவரையும் இழுத்துக்கிட்டு வர்றேன். ஒரு வாரம் தங்குறோம். நீ செய்றதைப் பார்த்தாவது இந்த மனுஷனுக்குப் புத்தி வரட்டும்!"

"எதுக்குக்கா... வீண் அலைச்சல்..."

"அலைச்சல் கிடக்கட்டும். எல்லா வேலையையும் நீயே இழுத்துப் போட்டுச் செய்றியே, உன் பொண்டாட்டி வீட்ல உக்காந்து என்னடா பண்றா? மகாராணியா அவ? கேக்க ஆளில்லைன்னு நினைப்பா? போனை அவகிட்ட குடு!"

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது.

"அவ... அவ எங்கக்கா சும்மா இருக்கா? வேலைக்குப் போறா. மருந்துக்கடைக்கு. திங்கட்கிழமையிலேர்ந்து."

"அப்படிச் சொல்லு!"

போனை வைத்த அப்பா சமையலறை வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"இந்தப் பாத்திரம் தேய்க்கிற நார், சோப்பெல்லாம் எங்க இருக்கும்?"

"இந்தாங்க," என்று கையிலிருந்ததை அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டு, அம்மா ஹாலுக்கு வந்து மருந்துக்கடைக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாள்.

மகள் பின்னாலேயே வந்தாள். திறந்த வாய் மூடவில்லை.

"ம்மா! இதுக்குத்தான் அவ்வளவு பொய்யுமா?"

"உண்மையைச் சொல்லியிருந்தா உனக்கு மார்க் வந்திருக்கும். எனக்கு என்னடி வந்திருக்கும்?" என்றவள், மகள் கேமராவைப் பைக்குள் வைப்பதைப் பார்த்துத் தடுத்தாள்.

"அதை ஏன் உள்ள வைக்கிற? இன்னும் ஒரு பேட்டி கொடுக்க வேண்டியிருக்கு."

"இப்ப யாரைப் பத்திம்மா?"

"உன்னைப் பத்தித்தான். எம்பொண்ணு சாப்பிட்ட தட்டை அவளே கழுவி வச்சிடுவான்னு சொல்லப் போறேன்."