காசு கட்டிய சுக்கான்

"அண்ணை, கேக்கிற காசைத் தாறன். என்ரை பெடியனை உங்கடை வள்ளத்திலை சுக்கான் பிடிக்க விடுங்கோ. பழகினானெண்டால் வெளிநாட்டுக் கப்பலிலை வேலை எடுத்திடுவான்."

குருநகர் இறங்குதுறையில் நின்ற சிமியோனுக்குச் சினம் ஏறியது.

"காசு தந்தால் சுக்கானைத் தூக்கிக் குடுத்திடுவனோ? வள்ளத்திலை ஏழு பேரின்ரை உயிர் கிடக்கு. முதலிலை வந்து வலை இழுக்கச் சொல்லு."

மகனுக்காகக் கேட்டு வந்த ஜெயகௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் வெளிநாட்டிலிருந்து சிமியோனின் மகன் எமில்ராஜ் போன் எடுத்தான்.

"அப்பா, நீங்கள் காணி வித்து அனுப்பின காசைக் கொம்பனிக்குக் கட்டிட்டன். நாளையிலையிருந்து துணை விமானி சீற்றிலை நான்தான்."

"சம்பளம்?"

"சம்பளம் இல்லை. காசு கட்டித்தான் ஓடிப் பழகவேணும். அனுபவம் இருந்தால்தான் நல்ல கொம்பனியள் எடுப்பாங்கள்."

"எத்தினை பேர் ஏறுற பிளேன்?"

"நூற்றெண்பது."

சிமியோனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "கெட்டிக்காரன்."

"ஒண்டு சொல்லுறன் அப்பா. அம்மாவோடை இஞ்சை வரேக்கை எங்கடை கொம்பனி பிளேனிலை மட்டும் ஏறிப்போடாதேங்கோ."

"ஏன் ராசா?"

"அதை ஓட்டுறவங்களும் என்னைப்போலை காசு கட்டினவங்கள்தான்."

போனை வைத்தபோது மனைவி மக்டலீனின் குரல்பதிவு வந்து கிடந்தது. மகனுக்குச் சொல்லாமல் போய் முன்னால் நிற்கவேண்டுமென்று காலையில்தான் பலாலி விமான நிலையத்திலிருந்து புறப்பட்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, சென்னையிலை எங்கடை எமில்ராஜ் தம்பியின்ரை கொம்பனி பிளேனுக்கு மாறிட்டன். கதவு சாத்தியாச்சு, போனை நிப்பாட்டச் சொல்லுகினம். ஏறேக்கை விமானியைக் கண்டனான். சின்னப் பெடியன், அச்சொட்டா எங்கடை தம்பி மாதிரி."