கப்பலை முந்தும் கடிதம்

"ஐயா, எட்டு நாளைக்கு முந்திக் கப்பலிலை போன கடிதத்தை, இண்டைக்குப் போடுற கடிதம் முந்துமோ?"

ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் பையைக் கட்ட ஆயத்தமாகிக்கொண்டிருந்த போஸ்ட்மாஸ்டர் அரியநாயகம் நிமிர்ந்து பார்த்தார். கேட்டவளை அவர் முன்பின் கண்டதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான். வெள்ளைச் சேலையையும் கைக்குடையையும் பார்த்தால் பள்ளிக்கூடத்து ரீச்சர் போலிருந்தது.

இப்படியொரு கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். அந்த 1936ஆம் வருஷத்து ஆகாயத் தபால் அட்டவணை அவருக்கு மனப்பாடம். வந்த நாளிலிருந்து அதைப்பற்றி விசாரிக்கத்தான் ஒருவரும் இல்லை.

"எவடத்துக்கு, பிள்ளை?"

"லண்டனுக்கு."

"அப்ப கேளும். மதறாசிலை ஏத்துற கடிதம் கராச்சியிலை வேறை ஏரோப்பிளேனுக்கு மாறும். அங்கையிருந்து லண்டனிலை குறொய்டன். எல்லாமா ஆறாயிரம் மைலுக்கு மேலை. ஏழே நாள்."

இங்கிருந்து மதறாசுக்கு வள்ளம், ரயில், தலைமன்னார்க் கப்பல் எல்லாம் சேர்த்து மூன்று நாள் என்று விரல் மடித்தார். ஆகப் பத்து. கொழும்பிலிருந்து போகும் கப்பலுக்கோ இருபத்தொரு நாள். அதில் எட்டு நாள் போனாலும் இன்னும் பதின்மூன்று கிடக்கிறது.

"மூண்டு நாள் முந்தும். அதுக்கு நான் பொறுப்பு. என்ன, செலவுதான் நாலு மடங்கு. நானே கப்பலிலைதான் போடுறனான்."

செலவைப் பற்றிக் கவலையில்லை என்றாள் அவள். கப்பலில் போவது பொய்க் கடிதம், அதை அங்கே இருப்பவர் முதலில் வாசித்துவிட்டால் தன் வாழ்க்கையே பாழ் என்று மட்டும் சொன்னாள்.

அரியநாயகத்துக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

"எழுதினவன் ஆராயிருந்தாலும் தோக்கத்தான் வேணும், பிள்ளை. தாரும் இஞ்சை."

கடிதத்தை வாங்கித் தராசில் போட்டார். போன வருஷம் ஒரு கடிதம் பாலைவனத்துக்கு மேலால் பறந்து எத்தனை மணிக்கு எங்கே இறங்கியது என்று சொல்லிக்கொண்டே முத்திரைகளை ஒட்டினார். அவற்றின்மேல் ஓங்கிச் சீல் குத்தினார். கடிதம் இனித் தபாலின் சொத்து. எழுதியவளே கேட்டாலும் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

பிறகுதான் விலாசத்தை வாசித்தார். லண்டனில் எஞ்சினியருக்குப் படிக்கும் அவருடைய மூத்த மகனின் பெயர்.

"அல்லைப்பிட்டி மாக்கிறேற் நான்தான்," என்றாள் அவள். "எனக்குக் கலியாணம் முடிஞ்சுதெண்டு அவருக்கு எழுதினியளாம். உங்கடை வீட்டு மாமிதான் சொல்லி அனுப்பினவ. எனக்கு இன்னும் முடியேல்லை, மாமா."

அரியநாயகம் கடிதத்தைப் பைக்குள் போட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.