எந்தப் பழுப்பு?

மனிதகுலம் தோன்றிய நாள்முதல் விரிப்பின் பின்னணியை எவரும் பார்த்ததே இல்லை என்று கனடாவின் நோவா ஸ்கோஷியா மீனவர் வெண்டல் அறிவித்தார்.

"கோழியைத்தான் பாப்பாங்க, வெர்னா. சுத்தி இருக்கற பழுப்பை எவன் பாப்பான்?"

மனைவி வெர்னா, பழைய கம்பளிக் கோட்டுகளை நறுக்கிய பட்டைகளைச் சாக்குத்துணியில் கொக்கியால் இழுத்து, நடுவில் கோழி உருவம் வைத்த தரைவிரிப்பு செய்துகொண்டிருந்தாள். நாளை தேவாலயச் சந்தையில் வைக்க வேண்டும்.

"ஒரே பழுப்பா போட்டா கோழி ஒட்டவச்ச மாதிரி இருக்கும். ரெண்டு மூணு பழுப்பு கலக்கணும். இந்த ரெண்டுல எது மங்கல்?"

"காலையிலேருந்து இதே கேள்வி! சேத்துல என்ன ஒசத்திச் சேறு? ரெண்டும் ஒண்ணுதான்." பழுதுபார்த்துக்கொண்டிருந்த மீன்வலையிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை.

"ஒரு தடவை பாத்துச் சொல்லேன்."

பார்த்தார். அவளுடைய ஒரு கையில் பச்சை, மறுகையில் நீலம்.

கோழியைச் சுற்றியும் அங்கங்கே பச்சை, நீலம். எல்லாம் அவர் பார்க்காமலே 'ஒண்ணுதான்' என்றவை.

"வெர்னா... எத்தனை நாளா நிறம் தெரியல?"

"பனிக்காலத்துலேருந்து. சொன்னா நீ என்னை விட்டுட்டுக் கடலுக்குப் போகமாட்டே."

"பைத்தியம். போய் டீ போடு."

அவள் அடுப்படிக்குப் போனதும், பச்சையையும் நீலத்தையும் ஒவ்வொன்றாக உருவினார். பிறகு இரண்டு பழுப்புப் பட்டைகளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், எது மங்கல் என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கத் தொடங்கினார்.