பலகை மாறிய மரம்

"ஒரு மணி நேரம் போதும். அப்புறம் பழையபடி மாத்திடுங்க" என்று கெஞ்சினாள் அந்த அம்மாள்.

தலைமைத் தோட்டக்காரர் தலையைச் சொறிந்தார். "அரிய மரத்தோட பலகையைக் கழட்டிச் சாதாரண மரத்துல மாட்டச் சொல்றீங்க. பழம்பெருமை உள்ள தோட்டம்மா இது. பார்க்க வர்றவங்ககிட்டப் பொய் சொல்லலாமா?"

"ஒரு மரம் ஒரு மணி நேரம் பொய் சொன்னா குடி முழுகிடாது. அவர் மனசு உடைஞ்சா நான்தான் கட்டிக்கிட்டு அழணும்."

விஷயம் இதுதான். முன்பு சாலை போடுவதற்காக இந்த மரத்தோட்டத்தை அழிக்க வந்தார்கள். அவள் கணவர், இங்கிருந்த அரிய மரம் இதுதான் என்று ஒரு மரத்தோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். அடி, உதை, சிறை. சாலை விலகிப் போனது. தோட்டத்தைக் காத்தது தானே என்று அமைச்சர் கல்வெட்டு வைத்துக்கொண்டார். கணவருக்கு மிஞ்சியது விலாவில் ஒரு வலியும் 'சங்கிலி' என்ற பட்டப்பெயரும்தான்.

ஆண்டுதோறும் அதே நாளில் அவரை இங்கே இழுத்து வருவாள். இந்த ஆண்டுதான் மரங்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். போன வாரம் மகளோடு வந்தவள் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அரிய மரத்தின் பலகை பக்கத்து மரத்தில் தொங்கியது. கணவர் கட்டிப்பிடித்தது, தெருவெல்லாம் நிழலுக்கு நடுகிற மரம். இந்த முறை வரவேண்டாம் என்றால், ஏன் என்று குடைவார்.

தோட்டக்காரர் முணுமுணுத்தபடி பலகையை மாற்றினார்.

சங்கிலி வந்து சேர்ந்தார். தன்னை அடித்த அரசாங்கத்திடமே டிக்கெட் வாங்கிய கடுப்பு முகத்தில் இருந்தது.

"ஏங்க, பாருங்க. உங்க மரத்துக்குப் பலகை வெச்சிருக்காங்க."

அவர் படித்தார். நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். பக்கத்து மரத்தையும் பார்த்தார்.

"பலகையை அதுலயே மாட்டச் சொல்லு. பாவம், பேரில்லாம நிக்குது."

"உங்களுக்கு... எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னைக்கே. பூட்டைப் போட்டு, சாவியைத் தூக்கி எறிஞ்ச பிறகுதான் இலையைக் கவனிச்சேன். சுத்தி நின்ன போலீஸ்கிட்ட, மரம் மாறிப்போச்சு, கொஞ்சம் அவுத்து விடுங்கன்னா கேட்க முடியும்?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லணும்னுதான் ஜெயில்லேருந்து நேரா வீட்டுக்கு வந்தேன். நீ வாசல்ல நின்னு, போறவங்க வர்றவங்களையெல்லாம் நிறுத்தி என் வீரத்தைச் சொல்லிக்கிட்டிருந்தே. உன் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கிட்டேன்."