போய்வந்த இடங்கள்

"கீழ வாங்க பாய், ஒரே நிமிசம்" என்று போனில் சொன்னான் அம்மாசி.

ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர்ச்சாரி டீக்கடை ஓரம் நின்றது அவன் ஸ்கூட்டர். பின்பக்கம் இரண்டு கூடுதல் சக்கரம் வைத்து அரசாங்கம் கொடுத்தது. இரண்டு வருடமாகப் போனில் மட்டும் கேட்ட குரலுக்கு இன்றுதான் முகம் கிடைத்தது. நான் நினைத்ததைவிட ஒல்லி. மீசை மட்டும் நினைத்த மாதிரியே இருந்தது.

மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அங்கிருந்து தி.நகர் வரைக்கும் தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, படுபாவி.

என் வேலையே அதுதான். கிராமங்களில் நடக்க முடியாமல் வீட்டோடு கிடப்பவர்களைப் போனில் கூப்பிட்டு, பேசிப் பேசி, சொந்தக் காரியத்தைச் சொந்தமாகச் செய்யப் பழக்குவது. அதற்கு ஒரு தொண்டு நிறுவனம் எனக்குச் சம்பளம் தருகிறது.

தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவன் அம்மாசி. முதல் மாதம் முழுக்க 'ம்' என்பதற்கு மேல் பேசவில்லை. அதனால் ஒரு ஒப்பந்தம் போட்டேன். வாரம் ஒரு இடத்துக்கு நீ போ, ஒரு இடத்துக்கு நான் போகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அவன் முதலில் தெருமுனை வரை போனான். அப்புறம் ரேஷன் கடை, சந்தை, அக்கா வீடு. இப்போது தனி வீட்டில் தானே சமைத்துச் சாப்பிடுகிறான்.

நான் சைதாப்பேட்டை மார்க்கெட் போனேன். பெசன்ட் நகர் பீச் போனேன். அங்கே மீன் வறுபடும் வாசனையைக்கூடச் சொன்னேன்.

"நீங்களே போறீங்க, எனக்கின்னா கொறச்சல்" என்பான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தொழுகை முடிஞ்சி வந்திருப்பீங்கன்னுதான் மூணு மணிக்கு வந்தேன்" என்றான் இப்போது.

"மீட்டிங்ல இருக்கேன்பா."

"முடிச்சிட்டு வாங்க பாய். நான் எங்க போப்போறேன்?"

என் வாயை நம்பி வெளியே வந்த ஆள். அந்த வாய் பொய் என்று தெரிந்தால் திரும்பப் போய்ப் படுத்துவிடுவானோ?

டீக்கடையில் நின்ற இரண்டு பேர் அவனைத் தூக்கிவர முன்வந்தார்கள். அவன் கும்பிட்டு மறுத்தான். யாரையும் தூக்கவிடாதே, தூக்குகிறவன் தன் இஷ்டத்துக்குத்தான் இறக்கி வைப்பான், ஒரு பலகை போட்டுத் தரச் சொல்லு, நீயே ஏறிக்கொள் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

மூன்று மாடிக்கு யார் பலகை போடுவது?

"அப்ப இந்த மல்லாட்டையாவது வாங்கிக்கங்க. என் கொல்லையில போட்டது" என்று ஒரு பையைத் தூக்கிக் காட்டினான்.

அதற்காவது வழி இருக்கிறதே என்று, யோசிக்காமல் கயிற்றுக் கூடையை ஜன்னல் வழியே இறக்கினேன்.

யாரும் சொல்லாமலே டீக்கடைக்காரர் வேர்க்கடலைப் பையை வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். கூடைக்குள் கிடந்த சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பால், தக்காளி, மாத்திரை என்று காலையில் நான் எழுதி வைத்த சீட்டு. பையை உள்ளே வைத்துக் கயிற்றை இரண்டு முறை ஆட்டினார். தினமும் அப்படித்தான் ஆட்டுவார்.

நான் மேலே இழுத்தேன். அம்மாசி கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஜன்னலுக்குள் வந்த பிறகும் பார்வையை எடுக்கவில்லை. போன் அவன் காதில்தான் இருந்தது.

"எத்தினி மாசமா பாய்?"

"பதினாலு."

லிஃப்ட் கெட்டுப் பதினாலு மாதம். என் சக்கர நாற்காலி இந்த வீட்டு வாசலைத் தாண்டியும் பதினாலு மாதம். அதற்கு முன்னால் சொன்ன பீச் நிஜம். பிறகு சொன்னதெல்லாம் அதே பீச்தான்.

கீழே நின்ற அந்த இரண்டு பேரிடம் கேட்டால் என்னையும் தூக்கி இறக்கியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. அவனும் கேட்கச் சொல்லவில்லை.

திட்டுவான் என்று காத்திருந்தேன். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. போகிறான் என்று நினைத்தபோது போனில் குரல் வந்தது.

"இன்னிக்கு வெள்ளிக்கெழமதானே? உங்க மொறைக்கும் சேத்து நானே போயிட்டு வந்து சொல்றேன். பீச்சுக்கு எப்டிப் போணும்?"

வழி சொன்னேன். சைதாப்பேட்டை, அடையாறு, அப்புறம் நேராக.

மெட்ரோ வேலைக்காக எந்தெந்த ரோட்டை அடைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பதினாலு மாதத்துக்கு முந்தைய வழியைத்தான் சொன்னேன்.